ஐந்து மாத்திரைப் பெட்டி: மருந்து, கையேடு, சட்டம் – ஒரு மதிப்பீடு

பெட்டிக்குள் இருப்பவை ஐந்தே மாத்திரைகள். மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று. மிஸோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு. கருக்கலைப்பு சரியா தவறா என்று உலகம் முழுக்க நடக்கும் வாதம் இன்று பெரும்பாலும் இந்தப் பெட்டியைப் பற்றிய வாதம்தான். அமெரிக்காவில் 2023-ல் மருத்துவ அமைப்புக்குள் நடந்த கருக்கலைப்புகளில் 63 சதவீதம் மாத்திரையால் நடந்தவை. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டுக்கான ஆய்வு ஒன்று, மொத்தம் 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்ததாகவும் அவற்றில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்ததாகவும் மதிப்பிட்டது. மருத்துவமனையின் அறுவை மேசையில் நடந்த காரியம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கையேடுகளும் சட்டங்களும் இன்னும் மேசையருகிலேயே நிற்கின்றன.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சரியான வாரத்தில், சரியான ஆளுக்கு, சரியான முறையில் கொடுத்தால் இது நம்பகமான மருந்து. கூடவே வரும் கையேடு பெரும்பாலும் பயனற்றது. பெட்டியைச் சுற்றி எழுதப்பட்ட சட்டங்களில் பல, தாங்கள் காக்க வந்ததாகச் சொல்லும் உயிரையே ஆபத்தில் தள்ளுகின்றன.

இரண்டு மருந்துகள் எதற்கு

கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிப்பது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். கருப்பையின் உட்சுவரைத் தடிப்பாக வைத்திருப்பது, தசையைச் சுருங்கவிடாமல் அடக்குவது, கருப்பை வாயை இறுக்கி மூடி வைப்பது எல்லாம் அதன் வேலை. அந்த ஹார்மோன் போய் அமர வேண்டிய ஏற்பிகளில் மிஃபெப்ரிஸ்டோன் முந்திப் போய் அமர்ந்துகொள்கிறது. ரத்தத்தில் ஹார்மோன் இருக்கும், ஆனால் அதன் வேலை நடக்காது. உட்சுவர் பிரியத் தொடங்கும். கருப்பை வாய் இளகும். தசை அடுத்த மருந்துக்கு இசைந்து கொடுக்கும் நிலைக்கு வரும். இதற்கெல்லாம் ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். இரண்டு மருந்துகளுக்கும் நடுவில் 24 முதல் 48 மணி நேரம் விடச் சொல்வது இதனால்தான். முதல் மாத்திரை போட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று பதறி, ஆறு மணி நேரத்திலேயே மற்ற நான்கையும் வாயில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. முதல் மாத்திரைக்குப் பிறகு பலருக்கு ரத்தமே வராது. அது தோல்வியின் அறிகுறி இல்லை.

மிஸோப்ரோஸ்டால் கருப்பைத் தசையைச் சுருங்க வைத்து உள்ளே இருப்பதை வெளியேற்றும். இதில் வழி முக்கியம். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பக்கத்துக்கு இரண்டாக அடக்கி 30 நிமிடம் வைத்திருந்து, மிச்சத்தைத் தண்ணீரோடு விழுங்கலாம். நாக்கின் அடியில் நான்கையும் 30 நிமிடம் வைக்கலாம். மருந்து வேகமாக ஏறும், குளிர் நடுக்கமும் சற்றுக் கூடுதலாக இருக்கும். பிறப்புறுப்பு வழியாகவும் வைக்கலாம். வாந்தி, பேதி குறையும். எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றி விழுங்குவதுதான் கூடாது. விழுங்கினால் மருந்து ரத்தத்தில் விறுவிறுவென்று ஏறி அதே வேகத்தில் இறங்கிவிடும். வாரம் கூடக்கூட தோல்வியும் கூடும். வாய் உலர்ந்திருந்தால் மாத்திரை கரையாமல் கிடக்கும், அதனால் வைப்பதற்கு முன் ஒரு மிடறு தண்ணீரால் வாயை நனைத்துக்கொள்ள வேண்டும். மிஃபெப்ரிஸ்டோனுக்கு இந்தக் கவலை கிடையாது. அது சாதாரணமாக விழுங்கும் மாத்திரைதான். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி தர வேண்டியிருக்கும்.

மிஸோப்ரோஸ்டால் வைத்தபின் சில மணி நேரத்தில் வலியும் ரத்தப்போக்கும் தொடங்கும். பெரும்பாலோருக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்குள் கரு வெளியேறிவிடும். அந்த நேரத்து ரத்தப்போக்கு மாதவிலக்கைவிட நிச்சயம் அதிகம், கட்டிகளும் வரும். அதற்குப் பிறகு குறைந்துகொண்டே போய் சராசரியாக 9 முதல் 16 நாள் வரை கசியும். 30 நாள், அதற்கு மேலும் இழுப்பவர்கள் நூற்றில் எட்டுப் பேர் வரை உண்டு. மருந்து வைத்த அன்று குளிர், நடுக்கம், காய்ச்சல், வாந்தி, பேதி வருவது மிஸோப்ரோஸ்டாலின் குணம். ஒரு நாளைக்குள் அடங்கிவிட வேண்டும்.

என்ன வெளியேறும் என்பதைப் பெரும்பாலான கையேடுகள் சொல்வதில்லை. 7 வாரத்தில் கரு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். ரத்தக்கட்டிகளுக்கு நடுவே கண்ணில் படாமலே போகலாம். 9 வாரத்தில் ஏறத்தாழ 23 மில்லிமீட்டர், 10 வாரத்தில் 30 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். அப்போது பார்த்தால் அடையாளம் தெரியலாம். இதை முன்கூட்டியே சொல்லாமல் ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது பெரிய தவறு. கருக்கலைப்பை ஆதரிப்பவர்கள் பயமுறுத்தக் கூடாதென்று மறைக்கிறார்கள். எதிர்ப்பவர்கள் பயமுறுத்துவதற்காகவே ஆறேழு மாதச் சிசுவின் படத்தைக் காட்டுகிறார்கள். இரண்டுமே அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

எவ்வளவு நம்பலாம்

அமெரிக்க மருந்து நிர்வாகம் அங்கீகரித்த கையேட்டில் உள்ள கணக்கு இது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 49 நாளுக்குள் எடுத்தால் 98.1 சதவீதம் பேருக்கு வேறு சிகிச்சை தேவைப்படாமல் முடிகிறது. 50 முதல் 56 நாள் வரை 96.8. 57 முதல் 63 வரை 94.7. 64 முதல் 70 வரை 92.7. கர்ப்பம் அப்படியே தொடர்ந்து வளர்வது முதல் பிரிவில் ஆயிரத்தில் மூன்று பேருக்கு. கடைசிப் பிரிவில் நூற்றில் மூன்று பேருக்கு. ஒரு வாரத் தாமதம் என்ன செய்யும் என்பதற்கு இந்த நான்கு எண்களே போதும்.

அதே நிர்வாகத்தின் கணக்கில் 2000-இல் அங்கீகாரம் கிடைத்ததிலிருந்து 2022 முடிய ஏறத்தாழ 59 லட்சம் பேர் மிஃபெப்ரிஸ்டோன் எடுத்திருக்கிறார்கள். அவர்களில் 32 பேர் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது. மருந்துதான் காரணமா என்று பார்க்காமல், எடுத்தபின் நேர்ந்த மரணங்கள் அனைத்தையும் சேர்த்த எண்ணிக்கை இது. கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கிய கர்ப்பம் வெடித்து இறந்தவர்களும் இதில் அடக்கம்.

மாற்று ஒன்று இருக்கிறது: கையால் இயக்கும் உறிஞ்சுகுழல். ஐந்து, பத்து நிமிடத்தில் முடியும், அங்கேயே உறுதியாகிவிடும், ரத்தப்போக்கும் குறைவு. நாள் கணக்கில் கசிவதைத் தாங்க முடியாத அளவுக்கு ரத்தசோகை உள்ளவர்களுக்கும், வீட்டில் மறைவிடமோ துணையோ இல்லாதவர்களுக்கும் மாத்திரையைவிட இதுவே நல்லது என்பது என் கருத்து. மாத்திரை எளிது என்ற பேச்சு பரவிய பிறகு இந்த வழியைச் சொல்லித் தருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கூரிய கரண்டியால் சுரண்டும் பழைய டி அண்ட் சி முறையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாக வலியுறுத்துகிறது.

பெட்டியில் இல்லாதவை

வலி மாத்திரை இல்லை. இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை இதுதான். வலி சாதாரண மாதவிலக்கு வலி போல இருக்கும் என்று சொல்லி அனுப்பினால், நள்ளிரவில் அந்தப் பெண் தனக்கு ஏதோ விபரீதம் நடக்கிறது என்றே நினைப்பாள். ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரை போட்டால் மிஸோப்ரோஸ்டால் வேலை செய்யாது என்ற நம்பிக்கை செவிலியர்களிடம்கூட இருக்கிறது. அது தவறு. ஐபுப்ரோஃபென் தடுப்பது, தசையைச் சுருக்கி வலி தரும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடல் தானே தயாரிப்பதை. வெளியிலிருந்து வந்த மிஸோப்ரோஸ்டாலின் வேலையை அது தடுக்காது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு 400 முதல் 800 மில்லிகிராம் வரை மருத்துவர்கள் தருவார்கள். பாராசிட்டமால் இந்த வலிக்கு அவ்வளவாகக் கேட்காது. ஆஸ்பிரின் கூடாது, ரத்தப்போக்கைக் கூட்டும்.

வாந்தி மாத்திரையும் இல்லை. 9 வாரத்தைத் தாண்டியவர்களுக்கு நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு 800 மைக்ரோகிராம் தரும் வழக்கம் உண்டு. அதற்கான நான்கு மாத்திரைகளும் இல்லை. நள்ளிரவில் கூப்பிட ஒரு தொலைபேசி எண் கிடையாது. கையேட்டின் எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சிறியது. மருத்துவருக்காக எழுதிய வாசகங்கள் அவை, எடுக்கப் போகிறவளுக்காக எழுதியவை இல்லை.

அட்டையையும் பார்க்க வேண்டும். மிஸோப்ரோஸ்டால் ஈரத்துக்குப் பயப்படும் மருந்து. இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு போட்ட அட்டையில் இருந்தால் தாங்கும். ஒரு பக்கம் பிளாஸ்டிக் குமிழாக இருந்தால் காலாவதித் தேதிக்கு முன்பே வீரியம் குறைந்துவிட வாய்ப்பிருக்கிறது. அட்டையைக் கத்தரித்தோ மாத்திரையைப் பிரித்துத் தாளில் மடித்தோ யாராவது கொடுத்தால் வாங்கவே கூடாது. நசுங்கிய, கிழிந்த, குமிழ் உப்பிய அட்டையும் அப்படித்தான். மருந்து தோற்றதாகப் பேசப்படும்போது, தோற்றது அட்டையாகவும் இருக்கலாம்.

எங்கே தவறுகிறது

முதலாவது, வாரக் கணக்கு. கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். உறவு நடந்த நாளிலிருந்தோ நாள் தள்ளிப்போன தேதியிலிருந்தோ எண்ணுகிறவர்கள் இரண்டு வாரம், நான்கு வாரம் குறைத்துச் சொல்லிவிடுவார்கள். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கே திரும்பாமல் கருத்தரித்தவர்கள், கருத்தடை ஊசி போட்டிருந்தவர்கள், மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள் எண்ணி விடை காண முடியாது, ஸ்கேன் வேண்டும்.

இரண்டாவது, கருக்குழாய் கர்ப்பம். நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ கருப்பைக்கு வெளியே தங்கும். சிறுநீர்ப் பரிசோதனை இரண்டு கோடுதான் காட்டும். எங்கே தங்கியிருக்கிறது என்று சொல்லாது. இந்த மாத்திரைகள் அந்தக் கர்ப்பத்தைக் கலைக்காது. ஆனால் கொஞ்சம் ரத்தம் வரும், வயிறு வலிக்கும், அவள் முடிந்துவிட்டதாக நினைப்பாள். குழாய் வெடிக்கும்போது நேரம் இருக்காது. காப்பர்-டி இருக்கும்போதே கருத்தரித்தவர்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் தோற்றுக் கருத்தரித்தவர்கள், முன்பு ஒருமுறை குழாயில் தங்கியவர்கள், இவர்கள் ஸ்கேன் பார்க்காமல் மாத்திரையைத் தொடவே கூடாது. அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம், மருந்து வைத்தும் ரத்தமே இல்லாமை – இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, யாருக்குக் கூடாது என்று கேட்காமல் கொடுப்பது. நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், அட்ரினல் சுரப்பி செயலிழந்தவர்கள் (மிஃபெப்ரிஸ்டோன் கார்டிசோலின் ஏற்பியையும் அடைத்துவிடும்), ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள், பரம்பரை போர்ஃபைரியா உள்ளவர்கள், காப்பர்-டி உள்ளேயே இருப்பவர்கள். பட்டியல் நீளமில்லை. இரண்டு நிமிடத்தில் கேட்டு முடிக்கலாம்.

நான்காவது, ஆபத்து வந்தும் காத்திருப்பது. முழு அளவு நாப்கின் மணிக்கு இரண்டு நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால் அதற்கு மேல் வீட்டில் இருக்கக் கூடாது. 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றாலும், மருந்து வைத்த மறுநாளுக்குப் பிறகு காய்ச்சல் வந்தாலும், நாற்றமடிக்கும் கசிவு இருந்தாலும் கிருமித் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். காய்ச்சலே இல்லாமல் கடும் சோர்வும் வாந்தியும் வயிற்று வலியுமாக ஒரு நாளுக்கு மேல் கிடந்தாலும் அப்படியே. அரிதாக வரும் ஒரு கடுமையான தொற்று காய்ச்சல் காட்டாமலே ஆளை வீழ்த்திவிடும்.

ஐந்தாவது, முடிந்துவிட்டதா என்று பார்க்காமல் விடுவது. சிறுநீர்ப் பரிசோதனையை மறுவாரமே செய்து இரண்டு கோடு பார்த்து அலறுவதில் பொருளில்லை. பரிசோதனை காட்டும் கர்ப்ப ஹார்மோன் வடிய வாரங்கள் ஆகும், நான்கு வாரம் கழித்துச் செய்தால்தான் நம்பலாம். அதற்கு முன் குமட்டலும் மார்பக வலியும் குறையாமல் இருந்தால் ஸ்கேன் பார்க்கலாம். கர்ப்பம் தொடர்கிறது என்று தெரிந்தால் அதை லேசாக விடக் கூடாது. மிஸோப்ரோஸ்டால் பட்ட கருவுக்குக் கை கால் ஊனமும் முக நரம்புகள் செயலிழக்கும் மோபியஸ் குறைபாடும் வரும் ஆபத்து சிறிய அளவில் உண்டு. இதற்கு நேர்மாறாக, ஸ்கேனில் கருப்பைக்குள் கொஞ்சம் ரத்தக்கட்டி தெரிந்தாலே சுரண்டச் சொல்லும் பழக்கமும் இருக்கிறது. ரத்தப்போக்கு கட்டுக்குள் இருந்து காய்ச்சலும் இல்லையென்றால் பெரும்பாலும் அதற்கு அவசியமில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரை வேறு, இது வேறு. அது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். தங்கிவிட்ட கர்ப்பத்தை ஒன்றும் செய்யாது.

மாத்திரையும் மனசாட்சியும்

பிரான்ஸின் ரூசெல் யூக்ளாஃப் நிறுவனம் 1980-இல் மிஃபெப்ரிஸ்டோனை உருவாக்கியது. எத்தியென் எமில் போலியு என்ற ஆராய்ச்சியாளர் அதைக் கருக்கலைப்புக்குக் கொண்டுவந்தவர். 1988 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. எதிர்ப்புக்கு அஞ்சி அக்டோபரில் நிறுவனமே அதை விலக்கிக்கொண்டது. இரண்டு நாளில் சுகாதார அமைச்சர் க்ளோத் எவன், இது பெண்களின் தார்மீகச் சொத்து என்று சொல்லித் திரும்ப விற்பனைக்குக் கொண்டுவர உத்தரவிட்டார். மிஸோப்ரோஸ்டாலின் கதை வேறு. அது வயிற்றுப்புண் மருந்தாகப் பிறந்தது. கர்ப்பிணிகள் உண்டால் கரு கலையும் என்று எச்சரித்தார்கள். கருக்கலைப்பு குற்றமாயிருந்த பிரேசிலில் 1980-களின் பிற்பகுதியில் பெண்கள் அந்த எச்சரிக்கையையே வழிகாட்டியாக எடுத்துக்கொண்டார்கள். 1991-இல் அரசு விற்பனையைக் கட்டுப்படுத்தியது. அதற்குள் குச்சியாலும் காரத்தாலும் கலைத்து உயிருக்குப் போராடி வருகிறவர்கள் குறைந்ததை மருத்துவர்கள் கண்டுவிட்டார்கள்.

தார்மீக வாதத்தில் இரு தரப்பையும் அதனதன் வலுவோடு கேட்க வேண்டும். எதிர்ப்பவர்கள் சொல்வது இது: கருத்தரித்த நொடியிலேயே தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வேறான ஒரு மனித உயிர் உண்டாகிவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த வாரத்தில் கோடு கிழித்தாலும் அது நம் வசதிக்காகக் கிழித்த கோடு. சந்தேகம் இருந்தால் உயிரின் பக்கம் நிற்க வேண்டும். இது மூடத்தனமான வாதம் இல்லை. ஆதரிப்பவர்கள் சொல்வது: உயிர் என்பதும் ஆள் என்பதும் ஒன்றல்ல, உணர்வும் அனுபவமும் இல்லாத நிலையில் இருப்பதற்கும் அவற்றோடு வாழ்கிற பெண்ணுக்கும் சம உரிமை இல்லை. அப்படியே சமம் என்று வைத்துக்கொண்டாலும், சாகக் கிடக்கும் ஒருவருக்காக இன்னொருவரின் ரத்தத்தையோ எலும்பு மஜ்ஜையையோ வலுக்கட்டாயமாக எடுக்க எந்தச் சட்டமும் அனுமதிப்பதில்லை. அப்படியிருக்க ஒன்பது மாதம் உடலைக் கொடு என்று இவளை மட்டும் எப்படிக் கட்டாயப்படுத்துவது?

மாத்திரை வந்தபின் இந்த வாதத்தில் இரண்டு முடிச்சுகள் புதிதாக விழுந்தன. மிஃபெப்ரிஸ்டோன் கருவை நேரடியாகத் தாக்குவதில்லை, தாய் தந்துகொண்டிருந்த தாங்கலைத்தான் விலக்குகிறது; ஆகவே இது கொல்வது ஆகாது, தாங்குவதை நிறுத்துவதுதான் என்று ஒரு தரப்பு சொல்கிறது. தாங்கலை விலக்கினால் இறக்கும் என்று தெரிந்தே மருந்தால் விலக்குவது செயல்தான், அதன் நோக்கமும் அதுதான் என்று மறுதரப்பு பதில் சொல்கிறது. எனக்கு மறுதரப்பின் பதிலே இங்கே நேர்மையானதாகப் படுகிறது. ஆதரிப்பவர்கள் தங்கள் வாதத்தைப் பெண்ணின் உடல் உரிமையில் நிறுத்தினால் போதும், சொல் மாற்றி ஒதுங்க வேண்டியதில்லை. இரண்டாவது முடிச்சு, செய்பவர் யார் என்பது. மேசையில் செய்தபோது மருத்துவரின் கை செய்தது. இப்போது எடுப்பவளே செய்கிறாள். மனசாட்சி மறுக்கிறது என்று மருத்துவர் ஒதுங்கும் உரிமை பல நாடுகளில் எழுதப்பட்டிருக்கிறது. மருந்தாளுநருக்கும் அந்த உரிமை உண்டா, உண்டென்றால் அடுத்த இடத்தைக் காட்ட வேண்டிய கடமை அவருக்கு உண்டா என்பது பல இடங்களில் இன்னும் வழக்கில் இருக்கிறது. மறுக்கும் உரிமை இருக்கட்டும். வாரக் கணக்கில் ஓடும் இந்த மருந்தில், அடுத்த இடத்தைக் காட்டாமல் மறுப்பது அவளுக்காக அவர் முடிவெடுத்துவிடுவதாகும்.

சட்டங்கள்

அமெரிக்காவில் கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கி 1973-இல் வந்த ரோ தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24-இல் டாப்ஸ் வழக்கில் ரத்து செய்தது. முடிவு மாநிலங்களின் கைக்குப் போனது. மிஃபெப்ரிஸ்டோனின் அனுமதியை எதிர்த்த வழக்கை 2024 ஜூன் 13-இல் அதே நீதிமன்றம், வழக்குத் தொடுத்தவர்களுக்கு அதற்குரிய தகுதி இல்லை என்று ஒருமனதாக ஒதுக்கியது. மருந்து சரியா தவறா என்று தீர்ப்பு சொல்லவில்லை. சில மாநிலங்களின் 'ஆறு வாரத் தடை' பற்றிப் பேசுகிறவர்கள் ஆறு வாரம் யோசிக்க நேரம் இருப்பதாக நினைக்கிறார்கள். 28 நாள் சுழற்சியில் நாள் தள்ளிப்போகும்போதே நான்கு வாரம் ஆகிவிட்டது. மிஞ்சுவது இரண்டு வாரம்; சுழற்சி ஒழுங்கில்லாதவர்களுக்கு அதுவும் இல்லை.

லூசியானா மாநிலம் 2024 அக்டோபரிலிருந்து இந்த இரண்டு மருந்துகளையும் கட்டுப்படுத்தப்பட்ட அபாயப் பொருள்களின் பட்டியலில் வைத்தது. மிஸோப்ரோஸ்டால் பிரசவத்துக்குப் பின் வரும் பெருக்கெடுத்த ரத்தப்போக்கை நிறுத்தவும் தேவைப்படும் மருந்து. பூட்டிய அலமாரியிலிருந்து அதை எடுத்து வரும் நேரத்தில் என்ன ஆகும் என்று அங்குள்ள பிரசவ மருத்துவர்கள் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது.

பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு மருத்துவர்களின் கையெழுத்தையும் அங்கீகரித்த இடத்தையும் கேட்கிறது. அறுவை மேசைக்காக எழுதிய அந்த 'இடம்' என்ற சொல்லுக்குள் வீட்டைக் கொண்டுவர இங்கிலாந்தில் பல ஆண்டுகள் ஆயின. 2020-இல் தற்காலிகமாகவும் 2022-இல் நிரந்தரமாகவும், 10 வாரத்துக்குள் இருந்தால் இரண்டு மருந்துகளையும் வீட்டிலேயே எடுக்க வழி பிறந்தது. அயர்லாந்து 2018 மே 25 வாக்கெடுப்பில் 66.4 சதவீத ஆதரவோடு அரசியல் சட்டத் தடையை நீக்கியது. 12 வாரம் வரை அனுமதி, நடுவில் மூன்று நாள் காத்திருப்பு. பிரான்ஸ் 2024 மார்ச்சில் இந்தச் சுதந்திரத்தை அரசியல் சட்டத்திலேயே எழுதியது. சிங்கப்பூரில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி 24 வாரம் வரை. ஆலோசனைக்குப் பின் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இலங்கையில் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதிக்கிறது.

இந்தியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை இருவரின் கருத்து. அதற்கு மேல் கருவில் பெருங்குறை இருந்தால் மருத்துவக் குழு. மாத்திரை முறைக்கு விதிகள் 9 வாரம் என்கின்றன. 18 வயது நிரம்பியவளின் சம்மதம் மட்டும் போதும். கணவரின் கையெழுத்து கேட்பது சட்டத்தில் இல்லாத ஒன்று. பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை. 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், மணமாகாதவர்களுக்கும் 24 வார வரம்பு பொருந்தும் என்றது; சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் அடையாளத்தை மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும் இது உரிமைச் சட்டம் இல்லை. இந்தியாவின் இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 88-ஆம் பிரிவில் கருக்கலைப்பு குற்றமாகவே இருக்கிறது, தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதில் அடக்கம். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவருக்குத் தரும் விலக்கு மட்டுமே. மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை எடுக்கும் 73 சதவீதத்தை அந்த விலக்கு காப்பதில்லை. தவறு நேர்ந்தால் அவர்கள் தயங்கித் தயங்கி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தயக்கம் உயிரைக் குடிக்கும் இடம் இது. 2012-இல் அயர்லாந்தின் கால்வே நகரில் சவிதா ஹலப்பனவர், கரு பிழைக்காது என்று தெரிந்த பின்னும், இதயத்துடிப்பு இருக்கும்வரை கலைக்க முடியாதென்று மறுக்கப்பட்டு, தொற்றால் இறந்தார். சட்டத்துக்கு அஞ்சிக் காத்திருந்தவர்கள் மருத்துவர்கள். வீட்டில் மாத்திரை எடுத்தவளும் அதே அச்சத்தில் காத்திருக்கிறாள். தானாகக் கலைந்ததற்கும் மாத்திரையால் கலைந்ததற்கும் சிகிச்சை ஒன்றே. மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது நல்லது. சொல்ல முடியாத நாட்டில் இருந்தாலும் எப்போது ரத்தம் தொடங்கியது, எத்தனை நாப்கின், காய்ச்சல் எவ்வளவு என்று சொன்னால் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.

மிஃபெப்ரிஸ்டோனைப் போட்டபின் மனம் மாறினால் அதிக அளவு புரோஜெஸ்டிரோனால் 'திருப்பிவிடலாம்' என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அதைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று, 12 பேர் சேர்ந்த நிலையிலேயே மூவருக்குக் கடும் ரத்தப்போக்கு வந்ததால் 2019-இல் நிறுத்தப்பட்டது. மனம் ஊசலாடுகிறவர் முதல் மாத்திரையை எடுக்கும் முன் நிறுத்திக்கொள்வதுதான் பாதுகாப்பானது. ஆலோசனை என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

முடிந்த பின்

அடுத்த முட்டை எட்டுப் பத்து நாளிலேயே வெளிவரக்கூடும், ரத்தக் கசிவு நிற்கும் முன்பே. ஒரு மாதவிலக்கு வந்து போகட்டும் என்று காத்திருந்து மறுபடி கருத்தரிக்கிறவர்கள் ஏராளம். கருத்தடை மாத்திரையையும் கைக்குள் வைக்கும் கருத்தடைக் குச்சியையும் முதல் மாத்திரை எடுக்கும் அன்றே தொடங்கலாம். மூன்று மாத ஊசியையும் அன்றே போடலாம். ஆனால் கலையாமல் தொடரும் வாய்ப்பை அது சற்றுக் கூட்டுவதால், பின்தொடர் பரிசோதனையைத் தவறவிடாதவர்களுக்கு மட்டும் பொருத்தம். ரத்தப் பிரிவு நெகட்டிவ் ஆக உள்ளவர்களுக்கு 12 வாரத்துக்கு முன் ஆன்டி-டி ஊசி தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. காப்பர்-டி வேண்டும் என்பவர்கள், கருப்பை காலியானது உறுதியானவுடனே போட்டுக்கொள்ளலாம்.